பூங்காக் கட்டடம்: ஒரு டெண்டர் அறிவிப்புக்கு உரை

நாளிதழில் யாரும் நின்று படிக்காத பத்தி ஒன்று உண்டு. மணமகள் தேவை விளம்பரத்தைக்கூடப் பொழுது போகாதவர் படிப்பார். டெண்டர் அறிவிப்பை ஒப்பந்ததாரரைத் தவிர யாரும் தொடமாட்டார்கள். எழுத்து எறும்பு அளவு இருக்கும். வாக்கியம் எங்கே முடிகிறது என்று விரல் வைத்துத் தேட வேண்டும். ஆனால் நம் தெருமுனைப் பூங்காவில் நிற்கும் கட்டடம் அடுத்த வருடம் என்ன ஆகப்போகிறது என்பது அந்தப் பத்தியில்தான் முதலில் வெளியாகும்.

சுருங்கச் சொன்ன நூலுக்கு உரை வேண்டும் என்பது நம் மரபு. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணரும் சேனாவரையரும் உரை எழுதியதால்தான் நமக்கு அது திறந்தது. டெண்டர் அறிவிப்பும் ஒரு வகைச் சூத்திரம்தான். அதற்கு உரைகாரர் யாரும் இல்லை. எங்கள் பகுதிப் பூங்காவின் பொழுதுபோக்குக் கூடத்தை இடித்துக் கட்டுவதற்கு அறிவிப்பு வந்தபோது, அந்த வேலையை நானே செய்து பார்க்கலாம் என்று தோன்றியது. கீழே உள்ள மூலம் அந்த அறிவிப்பின் நகல் இல்லை. ஊர், தொகை, நாள் எல்லாவற்றையும் மாற்றி, இவ்வகை அறிவிப்புகள் வழக்கமாக வரும் நடையில் நானே எழுதிக்கொண்ட மாதிரி. சட்டம், விதி பற்றிச் சொல்பவை மட்டும் மாதிரி இல்லை.

மூலம் 1

*மாநகராட்சிப் பூங்காவில் உள்ள பழுதடைந்த பொழுதுபோக்குக் கட்டடத்தினை இடித்து அப்புறப்படுத்திவிட்டு, அதற்கு மாற்றாக அதே இடத்தில் புதிய கட்டடம் கட்டும் பணி.*

அறிவிப்பின் உயிர் இந்த ஒரு வரியில் இருக்கிறது. சொல் சொல்லாகப் பார்ப்போம்.

'பழுதடைந்த' என்றால் யார் சொன்னது? கட்டடம் தானே சொல்லும். எங்கள் கூடத்தில் கேரம் போர்டுக்கு நேர் மேலே உத்தரத்தின் அடிப்பூச்சு உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து, உள்ளே கம்பி செம்மண் நிறத்தில் தெரிகிறது. கம்பி துருப்பிடித்தால் அது முன்பிருந்ததைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடம் இல்லாதபோது கான்கிரீட்டை வெடித்துத் தள்ளும். கடற்கரை ஊரில் உப்புக் காற்று இந்த வேலையைச் சீக்கிரம் முடித்துவைக்கும். ஆனால் பூச்சு பெயர்ந்த கட்டடம் எல்லாம் இடிக்க வேண்டிய கட்டடம் ஆகாது. சிலவற்றைத் தேற்றலாம். ஆகவே 'பழுதடைந்த' என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் கட்டட உறுதி குறித்த பொறியாளரின் அறிக்கை இருக்க வேண்டும். அது இருக்கிறதா என்று கேட்பது உரையின் முதல் வேலை.

'பொழுதுபோக்கு' என்ற சொல்லைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. சென்னை மாநகராட்சி 1930 முதல் 1938 வரை தானே வானொலி நடத்தியது. வீட்டில் ரேடியோ இல்லாதவர்கள் கேட்பதற்காகக் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தது. 1949 செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் நடந்தது ராயபுரம் ராபின்சன் பூங்காவில். நம் ஊர்களில் பூங்கா என்பது புல்வெளி மட்டுமாக ஒருநாளும் இருந்ததில்லை. செய்தித்தாள், சதுரங்கம், சங்கக் கூட்டம், பென்ஷன் கணக்கு எல்லாம் அந்தக் கூடத்துக்குள்தான்.

'அதே இடத்தில்' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். சில அறிவிப்புகளில் இது 'பூங்கா வளாகத்தில்' என்று வரும். இரண்டுக்கும் இடையே இரண்டு வேப்பமரம் போகும். பூங்காக்களையும் திறந்த வெளிகளையும் காக்க 1959-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. திறந்த வெளியில் கட்டடம் என்பது விதிவிலக்கு. அந்த விதிவிலக்கு எவ்வளவு பரப்பைத் தின்கிறது என்பதை வரைபடம்தான் சொல்லும். பழைய கட்டடத்தின் அடித்தளப் பரப்பு எத்தனை சதுர அடி, புதியது எத்தனை? அறிவிப்பில் இந்த இரண்டு எண்ணும் இராது. கேட்டு வாங்க வேண்டும்.

கடைசியாக, 'மாற்றாக'. இந்தச் சொல்தான் கடினம். சுவருக்குச் சுவர் மாற்று, கூரைக்குக் கூரை மாற்று. எங்கள் பழைய கூடத்தில் ஜன்னல் குறைவு. மூன்று பக்கமும் சிமெண்ட் ஜாலி. மே மாதத்திலும் மின்விசிறி இல்லாமல் உட்கார்ந்திருக்கலாம். அந்தக் காற்றுக்கு என்ன மாற்று? அலுமினியச் சட்டத்தில் கண்ணாடி தள்ளு ஜன்னல் என்றால், கட்டடம் மாறியது; காற்றுக்கு மாற்று வரவில்லை. வாசலில் இரண்டு அடி உயரப் படி ஏற முடியாமல் வெளியே நின்றுவிட்டவருக்கு என்ன மாற்று? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. பொதுக் கட்டடங்கள் அவர்கள் வந்துபோகத்தக்கதாக இருக்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்துகிறது. சாய்தளத்துக்கு ஏற்ற கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு: ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். இரண்டு அடி உயரத் தரைமட்டத்துக்கு இருபத்துநான்கு அடி நீளம் வேண்டும். வரைபடத்தில் எட்டடியில் ஒரு சாய்தளம் இருந்தால் அது மோட்டார் சைக்கிள் ஏற்றுவதற்குத்தான் உதவும்.

மூலம் 2

*மதிப்பீட்டுத் தொகை: ரூ.196.00 லட்சம்.*

அலுவலகம் கோடி என்று எழுதாது, லட்சத்திலேயே எழுதும். இந்தத் தொகை எப்படி வந்தது? பொதுப்பணித் துறை ஆண்டுதோறும் வெளியிடும் விலைவிகிதப் பட்டியல் ஒன்று இருக்கிறது. ஒரு கனமீட்டர் மண் தோண்ட இவ்வளவு, ஒரு கனமீட்டர் கான்கிரீட்டுக்கு இவ்வளவு என்று. வரைபடத்தின் அளவை அந்த விலையால் பெருக்கிக் கூட்டினால் மதிப்பீடு. அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 1 சதவீதம் கட்டுமானத் தொழிலாளர் நல நிதி. இந்த இரண்டையும் கழித்தால், செங்கல்லாகவும் கம்பியாகவும் கூலியாகவும் மாறக்கூடியது 165 லட்சத்தைத் தாண்டாது. 'இரண்டு கோடியில் கட்டினார்களாம், இதுதானா?' என்று பின்னால் திண்ணையில் பேசும்போது இந்தக் கழித்தலை நினைவில் வைப்பது நியாயம்.

196 என்ற எண்ணுக்கு இன்னொரு பொருளும் உண்டு. அதை ஐந்தாம் மூலத்தோடு சேர்த்துச் சொல்கிறேன். நச்சினார்க்கினியர் எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ உள்ள சொல்லோடு இணைத்துப் பொருள் கொள்வார். அதற்கு மாட்டு என்று பெயர். அவரைக் குறை சொன்னவர்கள் உண்டு. டெண்டர் அறிவிப்பைப் படிக்க அவர் வழியே சரி.

மூலம் 3

*தகுதிவாய்ந்த, பதிவுபெற்ற ஒப்பந்ததாரர்களிடமிருந்து இரு உறை முறையில் மின்னணு ஒப்பந்தப்புள்ளிகள் வரவேற்கப்படுகின்றன.*

'இரு உறை' என்பது காகிதக் காலத்துச் சொல். கணினிக்கு வந்த பிறகும் உறை போகவில்லை. முதல் உறையில் ஒப்பந்ததாரர் யார், முன்பு என்ன கட்டினார், அவரிடம் என்ன எந்திரம் உண்டு என்பவை. இரண்டாம் உறையில் விலை மட்டும். முதல் உறையில் தேறியவருடைய இரண்டாம் உறையைத்தான் திறப்பார்கள். விலையைப் பார்த்துவிட்டுத் தகுதியை வளைக்கக்கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு.

'தகுதிவாய்ந்த' என்பதில் 1979-இன் ஒரு வழக்கு அடங்கியிருக்கிறது. பம்பாய் விமான நிலையத்தில் சிற்றுண்டிச் சாலை நடத்த டெண்டர் விட்டார்கள். ஐந்து ஆண்டு அனுபவமுள்ள, பதிவுபெற்ற ஓட்டல் நடத்துநர் வேண்டும் என்று அறிவிப்பு. கொடுத்தது கேன்டீன் நடத்திய ஒருவருக்கு. வழக்கு ரமணா தயாராம் ஷெட்டி என்ற பெயரில் உச்ச நீதிமன்றம் போனது. அரசு தான் அறிவித்த தகுதியைத் தானே மீற முடியாது என்று நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. இன்றுவரை டெண்டர் வழக்குகளில் அந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் ஒப்பந்தத்தை ரத்து செய்யவில்லை. வழக்குப் போட்டவர் மாதக்கணக்கில் தாமதித்துவிட்டார், அதற்குள் எதிர்த்தரப்பு பணம் போட்டுக் கடை நடத்தத் தொடங்கிவிட்டது என்பது காரணம். சொன்னது சரி, வந்தது தாமதம். டெண்டரைப் பொறுத்தவரை நியாயத்துக்குக்கூடக் கடைசித் தேதி உண்டு.

மூலம் 4

*முன்வைப்புத் தொகை: ரூ.1.96 லட்சம்.*

ஒப்பந்ததாரர் வட்டாரத்தில் இதற்கு இ.எம்.டி. என்றுதான் பெயர். விளையாட்டுக்கு வராமல் உண்மையாக வருகிறேன் என்பதற்கான கைக்காசு. மதிப்பீட்டில் 1 சதவீதத்துக்கு மேல் கேட்கக்கூடாது என்பது விதி. அதிகம் கேட்டால் சிறிய ஒப்பந்ததாரர் வாசலிலேயே நின்றுவிடுவார். தோற்றவருக்குத் திரும்பக் கிடைக்கும். வென்றபின் ஓடியவருக்குக் கிடைக்காது. இவ்வளவே இதன் பொருள்.

மூலம் 5

*ஒப்பந்தப்புள்ளி சமர்ப்பிக்கக் கடைசி நாள்: அறிவிப்பு வெளியானதிலிருந்து 16ஆம் நாள், பிற்பகல் 3.00 மணி. தொழில்நுட்ப உறை அன்று மாலை 4.00 மணிக்குத் திறக்கப்படும்.*

தமிழ்நாட்டில் டெண்டர்களுக்கென்றே ஒரு சட்டம் உண்டு: தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம், 1998. விதிகள் 2000-இல் வந்தன. இரண்டு கோடி வரையான பணிக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேற்பட்டதற்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும் என்பது அந்த விதிகளில் ஒன்று. அதையும் குறைக்க வேண்டுமானால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும்.

இப்போது மாட்டை அவிழ்க்கலாம். மதிப்பீடு 196 லட்சம். இரண்டு கோடிக்கு நான்கு லட்சம் குறைவு. அந்த நான்கு லட்சத்தில் பதினைந்து நாள் கரைந்தது. இப்படி எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கும் மதிப்பீடு எல்லாம் சூது என்று சொல்ல மாட்டேன். கணக்கே அப்படி அமைவதும் உண்டு. ஆனால் கூடத்துக்கு ஒரு டெண்டர், கழிப்பறைக்கு ஒரு டெண்டர், சுற்றுச்சுவருக்கு ஒரு டெண்டர் என்று ஒரே பூங்காவுக்கு ஒரே வாரத்தில் மூன்று அறிவிப்பு வந்தால், மூன்றையும் கூட்டிப் பாருங்கள். நச்சினார்க்கினியர் கூட்டியிருப்பார்.

பதினைந்து நாள் ஒப்பந்ததாரருக்கே நெருக்கடி. அவர் இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும், மண் எப்படி என்று அறிய வேண்டும், கம்பி விலையை விசாரிக்க வேண்டும். பூங்காவுக்கு வருபவருக்கோ, விஷயம் தெரியவே பத்து நாள் ஆகும். அதனால் விவரம் அறிந்தவர் அறிவிப்புக்காகக் காத்திருக்க மாட்டார். மாமன்றத்தில் தீர்மானம் வரும்போதே, வார்டில் ஏரியா சபா கூடும்போதே கேட்டுவிடுவார். வார்டுக் குழுவுக்கும் ஏரியா சபாவுக்குமான விதிகள் 2022-இல் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று ஊர் ஊராகக் கூட்டமும் நடந்தது. சாய்தளம், ஜாலி, வேப்பமரம் ஆகியவற்றைப் பற்றிப் பேச அதுதான் இடம். வேலை உத்தரவு போன பிறகு பேசினால் ஒவ்வொன்றும் 'கூடுதல் பணி' ஆகும். அதற்குத் தனி மதிப்பீடு, தனி அனுமதி, தனி இழுவை.

மூலம் 6

*இடிப்பில் கிடைக்கும் மறுபயன்பாட்டுப் பொருட்களின் மதிப்பு பட்டியல் தொகையில் கழித்துக்கொள்ளப்படும். எஞ்சிய இடிபாடுகளை மாநகராட்சி குறிப்பிடும் இடத்தில் சேர்ப்பது ஒப்பந்ததாரரின் பொறுப்பு.*

பழைய கட்டடம் ஒரு சொத்து. கதவு, ஜன்னல் கம்பி, முறித்து எடுக்கும் இரும்பு, நல்ல செங்கல் எல்லாவற்றுக்கும் சந்தை உண்டு. மெட்ராஸ் டெரஸ் கூரையாக இருந்தால் தேக்குச் சட்டங்களும் சேரும். அவற்றின் விலை பழைய மரக்கடைக்காரருக்குத் தெரியும், அறிவிப்புக்குத் தெரியாது. எத்தனை சட்டம், எத்தனை நீளம் என்று இடிப்பதற்கு முன்பே எண்ணி எழுதாவிட்டால், கழிக்க வேண்டிய தொகையும் மரத்தோடு சேர்ந்து லாரி ஏறிவிடும்.

மிச்சம் இடிபாடு. கட்டுமானக் கழிவுக்கென்று 2016-லேயே தனி விதி வந்தது. ஏரிக்கரையிலும் காலி மனையிலும் கொட்டக்கூடாது. சென்னையில் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் இதை அரைத்து மீண்டும் பயன்படுத்தும் நிலையங்கள் இருக்கின்றன. மற்ற ஊர்களில் 'குறிப்பிடும் இடம்' எது என்பதை அறிவிப்பு குறிப்பிடாது. இடிப்பு முடிந்த மறுவாரம் பக்கத்து ஓடைக்கரை உயர்ந்திருந்தால் அதுதான் விடை.

மூலம் 7

*பணி முடிக்க வேண்டிய காலம்: வேலை உத்தரவு நாளிலிருந்து 9 மாதம், மழைக்காலம் உட்பட.*

'மழைக்காலம் உட்பட' என்பது வடகிழக்குப் பருவமழையைப் பார்த்து எழுதிய சொல். அக்டோபரில் அஸ்திவாரக் குழி நிரம்பிவிட்டது, நாள் நீட்டித்துத் தாருங்கள் என்று கேட்கக்கூடாது என்பது பொருள். நடைமுறையில் கேட்பார்கள், கிடைக்கும்.

அவசரப்படுத்தவும் முடியாத சில நாட்கள் உண்டு. கான்கிரீட் போட்டபின் குறைந்தது ஏழு நாள், வெயில் கடுமையானால் பத்து நாள், ஈரம் காயாமல் காக்க வேண்டும். போடும்போதே 150 மில்லிமீட்டர் அச்சுக் கட்டைகள் வார்த்துவைத்து, 28ஆம் நாள் அழுத்திப் பார்ப்பார்கள். எம்-20 தரக் கான்கிரீட் என்றால் அன்று சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டும். சாக்கு சுற்றித் தண்ணீர் ஊற்றும் ஆள் காலையில் வந்தாரா என்பதைப் பூங்காவில் நடைபயிற்சிக்கு வருபவர் பொறியாளரைவிட முன்னால் பார்ப்பார். தூண் வெளுத்துக் காய்ந்திருந்தால் அன்று தண்ணீர் ஊற்றவில்லை. இதைக் கண்டுபிடிக்க எந்தப் பட்டமும் வேண்டாம்.

மூலம் 8

*குறைபாடு திருத்தும் பொறுப்புக் காலம்: 36 மாதம்.*

ஒழுகினால், விரிந்தால், தரை இறங்கினால், மூன்று ஆண்டுக்குள் ஒப்பந்ததாரர் தன் செலவில் சரி செய்ய வேண்டும். அதற்காக அவருடைய தொகையில் ஒரு பகுதி நிறுத்திவைக்கப்படும். புகார் எழுத்தில் போகாவிட்டால் 36 மாதம் அமைதியாகக் கழிந்து, நிறுத்திவைத்த பணமும் போய்விடும். திறப்பு விழாக் கல்வெட்டில் அமைச்சர் பெயர், மேயர் பெயர், நாள் எல்லாம் பொறிப்பார்கள். பொறுப்புக் காலம் முடியும் நாளையும் பொறித்தால் அந்தக் கல்லுக்கு ஒரு பயன் கிடைக்கும்.

தோண்டிய ஆழமும் கட்டிய கம்பியும் மூடியபின் தெரியாது. அவற்றுக்குச் சாட்சி எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகம் மட்டுமே. அதைப் பார்க்க நமக்கு உரிமை உண்டு. 2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் காகித நகலோடு நிற்கவில்லை. நடக்கும் பணியைப் பார்வையிடவும், பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் அதில் இடம் இருக்கிறது. ஒரு பிடி மணலையும் கேட்டு வாங்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

மூலம் 9

*எந்த ஒப்பந்தப்புள்ளியையும் ஏற்கவோ, காரணம் கூறாமல் நிராகரிக்கவோ ஆணையருக்கு முழு அதிகாரம் உண்டு.*

படிப்பவரை மிரட்டும் வரி. எழுத்தில் உள்ள அதிகாரம் சட்டத்தில் அவ்வளவு இல்லை. மேலே சொன்ன 1979 தீர்ப்பும், டாடா செல்லுலார் வழக்கில் 1994-இல் அதே உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும் சொல்வது ஒன்றே: அரசு யாருக்குக் கொடுக்கிறது என்பதில் நீதிமன்றம் நுழையாது, எந்த வழியில் அந்த முடிவுக்கு வந்தது என்பதில் நுழையும். பாதிக்கப்பட்ட ஒப்பந்ததாரர் 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யவும் 1998 சட்டம் வழி வைத்திருக்கிறது. பூங்காவுக்கு வருபவருக்கு அப்படி ஒரு மேல்முறையீடு இல்லை. அவர் இந்தக் கதையில் ஒரு தரப்பாகவே எழுதப்படவில்லை.

மூலம் 10

*செ.ம.தொ.இ. / எண் / ஒப்பந்தப்புள்ளி / ஆண்டு.*

அறிவிப்பின் வாலில் வரும் இந்தக் குறி, விளம்பரம் செய்தி மக்கள் தொடர்பு இயக்ககம் வழியாக வந்தது என்பதற்கு அடையாளம். பின்னால் எதையாவது தேடிக் கேட்பதானால் இந்த எண்ணைக் குறித்துக்கொள்வது உதவும்.

எஞ்சியது

உரைகாரர் மூலத்தில் இல்லாததையும் சொல்லியாக வேண்டும். எங்கள் அறிவிப்பு நாளிதழில் வந்தது, இணையத்தில் வந்தது, அலுவலகப் பலகையில் ஒட்டியிருந்தது. இடிக்கப்போகும் கட்டடத்தின் கதவில் மட்டும் இல்லை. ஆகவே வெட்டி எடுத்து, நான்கு மடங்கு பெரிதாக ஜெராக்ஸ் போட்டு, கூடத்தின் வாசலில் ஒட்டினேன். அன்று சாயங்காலம் கேரம் ஆடும் பெரியவர் ஒருவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் படித்தார். தொகையைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை.

"ஒம்பது மாசம்னு போட்டிருக்கு தம்பி. அதுவரைக்கும் போர்டை எங்க வைக்கறது?"

ஒப்பந்ததாரர் சிமெண்ட் மூட்டை வைக்கத் தகரக் கொட்டகை போட்டுக்கொள்ள இடம் ஒதுக்குவார்கள். அது வரைபடத்திலேயே இருக்கும். பெரியவர் கேட்டதற்கு அறிவிப்பில் விடை இருக்கிறதா என்று நானும் அவரோடு நின்று இன்னொரு முறை படித்தேன். பிறகு அந்தக் கேள்வியை அப்படியே ஒரு தாளில் எழுதி, கீழே பதினான்கு பேர் கையெழுத்துப் போட்டோம். கடைசி நாளுக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது.